அரைப்பேர்கூடப் போடவில்லை: கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நமது புகைப்படக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கு,

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே நீங்கள் கட்டியிருக்கும் பேனரைக் கடந்த செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தேன். 12 அடி அகலம். பச்சை மலை, பனிமூட்டம், நடுவில் ஒரு பெண் வாயைத் திறந்து சிரிக்கிறார். மேலே 'மலையக எழில்' என்று கொட்டை எழுத்து. கீழே கழகத்தின் முத்திரை, அனுசரணையாளர்களின் பெயர்கள், பேனர் அடித்த அச்சகத்தின் தொலைபேசி எண்கூட இருக்கிறது. படம் எடுத்தவரின் பெயரைத்தான் காணோம்.

அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். முழுதாகப் பார்த்திருக்கிறேன். எடுத்தவர் நமது உறுப்பினர். இரண்டு வாரத்துக்கு முன் 'தரத்தில் குறைபாடு' என்று எழுதி நீங்கள் திருப்பி அனுப்பிய 12 படங்களில் அது ஆறாவது. சுவரில் மாட்டத் தகுதியில்லை என்று தள்ளிய படத்தை வைத்தே கண்காட்சிக்கு ஆள் கூப்பிடுகிறீர்கள். இது எப்படி என்று உங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். 'பிறகு பேசுவோம்' என்று பதில் வந்தது. பேனர் அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருக்க, எனக்குப் பிறகு பேச முடியவில்லை. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அவருடைய பெயரை நான் இதில் எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். "நீங்க எழுதினா அது நீங்க போட்ட பேரு அண்ணன். அவங்க போடட்டும்" என்றார். ஆகவே இந்த மடல் முழுக்க அவர் தங்கச்சி. வயதுக்கு எனக்கு மகள் முறைதான் வர வேண்டும். ஸ்டூடியோவுக்கு வந்த முதல் நாளே அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

உங்களில் சிலருக்கு அவரை முகம்கூட ஞாபகம் இருக்காது. கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, தேத்தண்ணி வருவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போகிறவர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்தெடுத்தவர். இவர் கட்டுநாயக்கவில் நாலு வருடம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, சேர்த்த காசில் ஒரு பழைய கெனன் கமராவோடு ஊர் திரும்பினார். என்னிடம் முதலில் வந்தது லென்ஸைக் காட்ட. உள்ளே பூஞ்சை, சிலந்தி வலை விரித்த மாதிரி. நமது ஊர் ஈரத்தில் லென்ஸ் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தத் தலையிடி உண்டு. ஓட்டோ ஃபோகஸ் மோட்டாரும் போயிருந்தது. "இதைத் திருத்துகிற காசுக்கு இன்னொன்று வாங்கலாம்" என்றேன். "பரவாயில்ல அண்ணன், கையால திருப்பிப் பழகிட்டேன்" என்றார். பூஞ்சையைத் துடைத்துக் கொடுத்தேன். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் நின்றுவிட்டது. இன்றைக்கும் அவர் படங்களில் வெளிச்சம் விழுகிற பக்கத்து மூலை இலேசாகக் கலங்கும். உங்கள் கடிதத்தில் அதையும் ஒரு குறையாகச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அது என் கைக்குறை. அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, ஆறாவது படத்துக்கு வருகிறேன். பேனரில் தொங்கும் துண்டைச் சொல்லவில்லை. முழுப்படம்.

மாலை நிறுவை. மழை விட்டு, பனி இறங்குகிற நேரம். இடது பக்கம் நிறுவைக் கொட்டகையின் விட்டத்திலிருந்து வட்டத் தராசு தொங்குகிறது. கொக்கியில் கொழுந்துச் சாக்கு. தராசுக்குப் பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு ஒருவர். அவர் முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது, கையும் பேனாவும் மட்டும் உள்ளே. வலது பக்கம் வரிசையாக எட்டுப் பெண்கள், இடுப்பில் படங்கு, முழங்கால் வரை சேறு. எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கமராவைப் பார்க்கவில்லை. ஏழு பேர் தராசு முள்ளைப் பார்க்கிறார்கள். வரிசையின் முன்னால் நிற்கும் எட்டாவது பெண், சாக்குக்குச் சொந்தக்காரி, பேனாவைப் பார்க்கிறார். அவர் வாய் திறந்திருக்கிறது.

எட்டு முகமும் பளிச்சென்று தெளிவு. சாக்கு கலங்கியிருக்கிறது, ஏனென்றால் அது ஆடிக்கொண்டிருக்கிறது. முள்ளும் கலங்கியிருக்கிறது. பேனா கலங்கவில்லை. பேனா எழுதிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு உண்டு. 18, 20 என்று இருக்கும். அதை எட்டினால் முழுப்பேர். எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். எங்கள் பேச்சில் ஒரு நாள் கூலிக்கே 'பேர்' என்றுதான் பெயர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்டால் சம்பளம் கிடைக்குமா என்று அர்த்தம். சாக்குப் பாரம், மழை ஈரம் என்று ஏற்கெனவே கிலோ கழிப்பார்கள். அதற்கு மேலே, முள் நிற்பதற்குள் எண்ணை எழுதிவிட்டால் போவது யாருடைய கிலோ? எந்தத் தோட்டம் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த எட்டுப் பெண்கள் அடுத்த நாளும் அதே தராசுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

இந்தப் படத்தைக் கமராவின் ஷட்டரை 1/15 செக்கன் திறந்து வைத்து எடுத்திருக்கிறார். கொட்டகைத் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. 1/125 வைத்திருந்தால் சாக்கும் முள்ளும் உறைந்து நின்றிருக்கும், நிறுவை ஒழுங்காக நடக்கிற மாதிரி ஒரு படம் வந்திருக்கும். அரைச் செக்கன் வைத்திருந்தால் பெண்களும் சேர்ந்து கலங்கியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இந்த ஒரு இடத்தைப் பிடிக்கப் பதினொரு மாலை போயிருக்கிறார். பத்து மாலையும் படம் சரிவரவில்லை. ஆனால் பத்து நாளில் அந்தப் பெண்கள் கமராவை மறந்துவிட்டார்கள். அதனால்தான் பதினொராவது மாலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் கமராவோடு நிற்கிறவன். ஆடுகிறதை நிறுத்திப் பிடிப்பதுதான் என் தொழில். ஆடுகிறதை ஆடவிட்டே எடுக்கலாம், அந்த ஆட்டத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. படத்தை முதலில் பார்த்த இரவு எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைப்பானேன்.

இப்போது உங்கள் பேனரைப் பாருங்கள். தராசு போய்விட்டது. பேனா போய்விட்டது. ஏழு பெண்கள் போய்விட்டார்கள். எட்டாவது பெண்ணைத் தனியாக வெட்டி எடுத்து, பின்னால் தெரிந்த மலைக்குப் பச்சையும் பனிக்கு நீலமும் ஏற்றி, முகத்தை இரண்டு படி வெளுக்க வைத்திருக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை ஐயா. "முள்ளு இன்னும் நிக்கல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தங்கச்சி பக்கத்தில் நின்று காதால் கேட்டது. அந்த வாய்தான் இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறது.

கடிதத்தில் மூன்று காரணம் எழுதியிருக்கிறீர்கள்: படத்தில் மணல் தூவிய மாதிரிப் புள்ளி அதிகம், சில படங்களில் முகம் தெரியவில்லை, மலையகத்தின் நல்ல பக்கத்தைக் காட்டவில்லை.

புள்ளிக்குப் பெரிதாகப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200க்கு ஏற்றினால் அந்தப் பழைய கமராவில் புள்ளி வரும். என்னிடம் இருப்பதைப் போல ஒரு புதுக் கமரா இருந்தால் குறையும். குழுவில் இருக்கிற ஐந்து பேரும் நானும் ஆளுக்கு எத்தனை இலட்சம் ரூபாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா தெரியாது. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தை எடுத்த இரண்டாவது படத்தில் பனி வெள்ளையாக இருக்கிறது. பனியைக் கமராவின் இஷ்டத்துக்கு விட்டால் அது சாம்பல் நிறமாக்கிவிடும், எல்லாவற்றையும் நடுத்தரமாகவே பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். நம்மில் பாதிப் பேருடைய பனிப் படங்கள் அடுப்புப் புகை மாதிரி இருப்பது அதனால்தான். அவர் ஒரு ஸ்டொப் கூட்டி, அதாவது இரு மடங்கு வெளிச்சம் விட்டு, எடுத்திருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "கண்ணுக்கு வெள்ளையாத்தானே தெரியுது அண்ணன்" என்றார்.

முகம் தெரியவில்லை என்று நீங்கள் சொல்வது மூன்றாவது படம். அதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

லயக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், குசினி. காலை எட்டு மணி வாக்கில். வேலைக்குப் போகிறவர்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள், வீட்டில் தங்கச்சியின் அம்மாயி, அம்மாவின் அம்மா, மட்டும். அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதுகுழலால் ஊதுகிறார். அவர் முகம் இருட்டுக்குள். கன்னம் உப்பியிருப்பது மட்டும் ஒரு கோடாகத் தெரியும். கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற ஒரு ஓட்டை. அது வழியாக ஒரு கற்றை வெளிச்சம் புகைக்குள் சரிவாக இறங்குகிறது. நாமாக இருந்தால் அம்மாயியைக் கொஞ்சம் நகர்த்தி உட்காரவைத்து வெளிச்சத்தை முகத்தில் வாங்கியிருப்போம். அவர் நகர்த்தவில்லை. வெளிச்சம் விழுவது அம்மாயியின் தலைக்கு ஒரு முழம் மேலே, கரி பிடித்த சுவரில் ஆணியில் தொங்கும் சின்னக் கண்ணாடிச் சட்டத்தில்.

அந்த வெளிச்சம் அந்தச் சட்டத்தைத் தொடுவது வருடத்தில் சில நாள்தான், பெப்ரவரி வாக்கில், அதுவும் ஏழெட்டு நிமிடம். முதல் வருடம் அந்த நாட்களில் மப்பு. அடுத்த வருடம் வரை காத்திருந்து எடுத்திருக்கிறார்.

சட்டத்துக்குள் ஒரு குடும்பப் படம். ஆறு பேர் நிற்கிறார்கள். பின்னால் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை. திரையின் கீழ் மூலை கிழிந்திருக்கிறது.

அந்த மூலையைக் கிழித்தது நான். ஆறு வயதில், திரைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியபோது. அப்பா முதுகில் வைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது எங்கள் ஸ்டூடியோத் திரை.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இரண்டு அரசுகள் மலையகத் தமிழரான எங்களை எண்ணிப் பிரித்தன. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டன. கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்க மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வருவார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறப் போகிறவர்களும் இங்கேயே நிற்கப் போகிறவர்களும் சேர்ந்து கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சட்டத்தில் இருக்கும் ஆறு பேரில் நாலு பேர் போனார்கள். நின்ற இருவரில் ஒருவர்தான் அடுப்பு ஊதுகிற அம்மாயி. அதனால்தான் முகம் இருட்டில் இருக்கிறது, படம் வெளிச்சத்தில் இருக்கிறது. தங்கச்சிக்கு இது தெரியும். திரை எங்களுடையது என்பதுதான் தெரியாது. நான் கிழிந்த மூலையைக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அம்மாயி கொடுத்ததாக ஒரு போத்தல் ஊறுகாய் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அப்பாவின் பதிவேடு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அன்று இரவு புரட்டிப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர், எந்த டிவிசன், எத்தனை பிரதி, எவ்வளவு காசு, எல்லாம் அழகான கையெழுத்தில். படத்தில் நிற்கிறவர்களின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. அந்த ஆறு பேரும் அதில் 'குடும்பம், 2 பிரதி' என்று ஏதோ ஒரு வரியில் இருக்க வேண்டும். பெயர் போடாத பழக்கம் உங்களிடம் மட்டும் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது.

கடந்த மார்ச் மாதம் கழகத்தோடு பொகவந்தலாவைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? புனித மரியாள் தேவாலயத்து வளவில் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறைக்கு நீங்கள் பூ வைத்தீர்கள். குழுத் தலைவர் கால் மணி நேரம் பேசினார். 48 வயதில் கமராவைத் தொட்டவர், 1875இல் கணவரோடு இங்கே வந்தவர், 1879இல் டிக்கோயாவில் இறந்தவர், உலகப் புகைப்படக் கலைக்கே முன்னோடி என்றெல்லாம் சொன்னார். எல்லாம் சரிதான். ஒன்றை விட்டுவிட்டார். அவர் காலத்து லண்டன் விமர்சகர்கள் அந்த அம்மாவின் படங்களை ஃபோகஸ் இல்லை, தட்டில் கீறல், கைரேகை, சுத்தமில்லை என்று கிழித்தார்கள். உங்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் போட்டால் 1865இல் அவருக்கு எழுதிய மாதிரியே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த அம்மா இங்கே எடுத்த படங்களில் மிஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் நம் மக்கள் இருக்கிறார்கள், வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் நின்றவர்கள். எவ்வளவு மரியாதையாகப் பார்த்து எடுத்திருக்கிறார் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இங்கிலாந்தில் எடுத்தபோது கவிஞர், விஞ்ஞானி, வேலைக்காரப் பெண் என்று பலருடைய பெயரும் நமக்குத் தெரியும். இங்கே அவர் படத்தில் நின்றவர்களில் அநேகமாக யாருடைய பெயரும் தெரியாது. பிறகு ஸ்கீன், பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்கள் கொழுந்தெடுக்கிற பெண்களைப் படமாகவும் தபால் அட்டையாகவும் விற்றார்கள். 'தமிழ்ப் பெண்', அவ்வளவுதான். அந்த அட்டைகளில் படமெடுத்த நிறுவனத்தின் பெயராவது இருந்தது. 150 வருடம் கழித்து அந்த மலையிலிருந்து ஒரு பிள்ளை கமராவைக் கையில் எடுத்தால், இப்போது எடுத்தவர் பெயரும் இல்லை.

மூன்றாவது காரணம்: நல்ல பக்கம். இதில் நானும் உங்களோடு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன்.

2019 கண்காட்சியில் நான் நடுவர். முதல் பரிசு பெற்ற படத்துக்கு 9 புள்ளி போட்டேன். சிவப்புச் சேலை, நெற்றியில் பொட்டு, முதுகில் கூடை, பால் மாதிரிச் சிரிப்பு. பரிசளிப்பு முடிந்த பிறகுதான் பெரிதாக அச்சடித்த பிரதியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கூடைக்குள் ஒரு இலை இல்லை. பார்வையிடங்களுக்குப் போகிற றோட்டோரங்களில் இப்படிப் பெண்கள் நிற்பார்கள், படமெடுத்தால் காசு கொடுக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன். தோட்டச் சம்பளத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிப் பார்த்தால் தெரியும். குறை என் கண்ணில். கொழுந்துக் கூடையையே அநேக இடங்களில் விட்டுவிட்டுச் சாக்குக்கு மாறிய காலத்தில், வெற்றுக் கூடைக்கு நான் 9 புள்ளி போட்டேன். தங்கச்சி அந்த வருடம்தான் முதன்முதலாக நமது கண்காட்சியைப் பார்க்க வந்தாராம். "எங்க அம்மா மாதிரி யாருமே இல்லையேன்னு நெனச்சேன் அண்ணன்" என்று பிறகொரு நாள் சாதாரணமாகச் சொன்னார். நான் பிளேன்டீ ஊற்றுகிற சாக்கில் உள்ளே எழுந்து போய்விட்டேன்.

ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்களின் முகத்தைப் போட்டோஷொப்பில் வெளுக்க வைக்கிற வேலையும் வருடக்கணக்காகச் செய்கிறேன். கேட்கிறார்கள், செய்கிறேன். அவர் படங்களில் தோலின் நிறம் தோலின் நிறமாகவே இருக்கிறது. மழையில் நனைந்த கறுப்பு, வெயிலில் காய்ந்த கறுப்பு, அடுப்படிக் கறுப்பு என்று அவர் படத்தில் கறுப்பே நாலைந்து வகை. காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுகிற பையன், மோட்டார் சைக்கிள் கண்ணாடியைப் பார்த்து முகத்துக்கு அரிதாரம் பூசுகிறானே, அந்த ஒன்பதாவது படத்தைப் போய்த் திரும்பப் பாருங்கள். பாதி முகம் ரோஸ், பாதி முகம் அவனுடையது. பின்னால் தப்பு மேளத்தைக் காய்ச்சுகிற நெருப்பு. இது நல்ல பக்கம் இல்லையா? இதற்கு மேல் என்ன நல்ல பக்கம் வேண்டும்?

விண்ணப்பப் படிவத்தைக் காட்டுவீர்கள் என்று தெரியும். 'அனுப்பும் படங்களைக் கழகம் தன் தேவைக்குப் பயன்படுத்தலாம்' என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி. பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கிறது. வெட்டலாம், வெளுக்கலாம், பெயரை எடுத்துவிடலாம் என்று இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் பெயர் பிரதிகளில் தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்கவும், மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைப்பதை எதிர்க்கவும் அவருக்கு உரிமை கொடுக்கிறது. உறுப்பினர் வகுப்புகளில் நீங்களே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அந்தச் சட்டத்தைத் தேடப் போனபோது அதற்கு முந்திய இலக்கம் கண்ணில் பட்டது. அதே 2003, இலக்கம் 35: இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம். 1948இல் எங்கள் பிரசாவுரிமையைப் பறித்ததில் மிச்சம் கிடந்தவர்களுக்கு 55 வருடம் கழித்து நாட்டில் பெயர் கிடைத்தது 35இல். எடுத்த படத்தில் பெயர் போட வேண்டும் என்பது 36இல். பக்கத்துப் பக்கத்து இலக்கம். தங்கச்சியின் அம்மாயிக்கு 35 வேண்டியிருந்தது, தங்கச்சிக்கு 36 வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது இவை.

வரும் சனிக்கிழமைக்குள் பேனரை இறக்குங்கள். அதே துண்டைக் கலண்டரிலோ அழைப்பிதழிலோ அச்சடிக்கக் கொடுத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். அந்தப் படம்தான் வேண்டுமென்றால் தங்கச்சியிடம் போய்க் கேளுங்கள். அவர் சம்மதித்தால், தராசும் பேனாவும் எட்டுப் பெண்களும் உள்ள முழுப்படத்தை, நிறம் ஏற்றாமல், அவர் பெயரோடு, அதற்கான காசைக் கொடுத்துப் போடுங்கள்.

அவரிடம் மட்டும் கேட்டால் போதாது. எட்டாவது பெண்ணிடமும் கேட்க வேண்டும். எட்டுப் பேரில் ஒருவராக ஒரு படத்தில் நிற்கத்தான் அவர் ஒத்துக்கொண்டார். 12 அடியில் தனியாக, ஊரே பார்க்கிற இடத்தில் தொங்க ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அந்த வழியாகத்தான் சம்பளத்துக்குப் பிறகு சாமான் வாங்க வருவார். குழுவிலிருந்து யாராவது ஒருவர் மலையேறிப் போய் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் வழி காட்டுகிறேன்.

12 படங்களையும் திரும்பப் பரிசீலியுங்கள். போன் திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்காமல், அச்சடித்து மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். அச்சுக் கூலி என்னுடையது. இப்போது குழுவில் இருக்கிற ஐந்து பேரும் டவுனில் கடை, ஸ்டூடியோ வைத்திருக்கிற ஆண்கள். அந்த மேசையைச் சுற்றித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அப்படிப் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் காரணத்தைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஒரே வரியில் பன்னிரண்டையும் தள்ளாதீர்கள்.

படிவத்தின் அந்தப் பொடி எழுத்து வரியை எடுத்துவிட்டு, எங்கே பயன்படுத்தினாலும் எடுத்தவர் பெயர் வரும், அனுமதியில்லாமல் வெட்ட மாட்டோம் என்று எழுதுங்கள். படத்தில் இருப்பவரின் பெயருக்கும் ஒரு கட்டம் போடுங்கள், அவர் விரும்பினால் நிரப்பலாம். 2019 பரிசுப் படத்தின் விளக்க அட்டையில் நடுவராக என் பெயர் இருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள்.

பேனர் கட்டியிருக்கிற கம்பம் உயரம், மழையில் வழுக்கும். என் ஸ்டூடியோவில் 14 அடி ஏணி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை ஆறரைக்கே கடையைத் திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து, இருபத்தாறு வருடச் சந்தாவைத் தவறாமல் கட்டிய உங்கள் உறுப்பினன்